விஷத்துக்கு முன்பே செத்த பல்லேடியம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ‘இயங்குநிலை வினையூக்கி நோக்கு நடுவம்’ என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் உள்ளே வேலை கிடைக்கும் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். அது பொய். வேலை கிடைக்க வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லி யார் வாயிலும் விழ எனக்கு இஷ்டமில்லை.

நடுவத்தின் வேலை என்னவோ எளிமையானதுதான். உலோகம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்ப்பது. தொழிற்சாலைப் புகையைச் சுத்தம் செய்யப் பல்லேடியம் மாதிரி உலோகத் தூள்களை வைக்கிறார்கள். தூள் அப்படியே இருக்கும். மேலே படுகிற நச்சு வாயு மட்டும் வேறு வாயுவாக மாறிப் போகும். அதனால்தான் அதற்கு வினையூக்கி என்று பெயர். முன்பெல்லாம் அந்தத் தூள் கெட்டு, ஆறி, குப்பைக்குப் போகிற சமயத்தில் எடுத்துப் பார்த்து, உயிரோடு இருந்தபோது இது எப்படி வேலை செய்தது என்று ஊகிப்பார்கள். இப்போது வாயு ஓடும்போதே, சூட்டோடு சூடாக, மூன்று விதமான ஒளியால் ஒரே சமயத்தில் பார்க்கலாம். உலோகத்தின் மேல் எந்த வாயு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அகச்சிவப்பு ஒளி சொல்லும். என்ன அழுக்கு படிகிறது என்று லேசர் சொல்லும். உலோகம் உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று எக்ஸ் கதிர் சொல்லும். மூன்றையும் நேரப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால், எது முதலில் நடந்தது, எது அதனால் நடந்தது என்று முழுக்கதையும் தெரிந்துபோகும். நல்ல அறிவியல். ஆகவே அதற்கு ஒரு நிர்வாகம் தேவைப்பட்டது.

நடுவத்தின் இதயம் ஒரு சின்ன எஃகுக் கலம். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பல்லேடியத் தூள். ஒளிக்கு ஒன்றாக அதற்கு மூன்று சன்னல்கள் போதும். ஆனால் சன்னல் இல்லாத பிரிவுக்கு அடுத்த ஆண்டு நிதி கிடையாது என்று ஒரு புரளி கிளம்பியது. உடனே கொள்முதல் பிரிவு ஒரு சன்னல் கேட்டது. கொள்முதல் பிரிவின் சன்னல் தெரிகிற கோணத்தில் தணிக்கைப் பிரிவு ஒன்று கேட்டது. வருகிற பெரிய மனிதர்களுக்குக் காட்டுவதற்கென்று இயக்குநருக்குப் பித்தளை விளிம்போடு ஒரு வட்டச் சன்னல். கடைசியில் கலத்தில் சன்னலைத் தவிர வேறெதுவும் மிஞ்சாததால் வாயு கசிந்தது. மூன்றை விட்டுவிட்டு மற்றவற்றை வெளியே தெரியாமல் உள்பக்கமாக அடைத்தார்கள். தணிக்கைப் பிரிவு இன்றைக்கும் அடைத்த சன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. குறை ஒன்றும் இல்லை என்று ஆண்டுதோறும் எழுதுகிறது.

கருவிகள் மூன்றும் ஒரே கலத்தைப் பார்த்தன. ஆனால் மூன்று பிரிவுத் தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. தனித்தனி அறை, தனித்தனி கணினி, தனித்தனி டீ கெட்டில். ஒருவர் திரையை இன்னொருவர் எட்டிப் பார்த்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். ஆகவே மூன்று ஒளியையும் ஒருங்கிணைக்கிற வேலைக்கு ஒப்பந்த அடிப்படையில் ஒரு பெண்ணை எடுத்தார்கள். பெயர் ஹெலன். பொன்னேரிக்காரி, வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். பென் டிரைவை எடுத்துக்கொண்டு மூன்று அறைகளுக்கும் ஓடுவதுதான் அவள் செய்த உயர் அறிவியல்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. அதன் உலைப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சோடு உள்ளே போனால் முதலில் தலைவலி, அப்புறம் வாந்தி மயக்கம், அப்புறம் ஆள் எழுந்திருக்கமாட்டான். அந்தப் புகையைப் பல்லேடியம் நிரப்பிய ஒரு கோபுரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து, வெளிவரும் சூடான காற்றை மணல் அச்சுகள் காயவைக்கிற கொட்டகைக்குள் திருப்பிவிடுவார்கள். சூட்டை வீணாக்காததற்காக விருது வாங்கி, கேட்டில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அந்தக் கொட்டகையில் அச்சு புரட்டுகிற வேலை ஹெலனின் தம்பி பென்னிக்கு. அவனும் ஒப்பந்தம்தான். அந்தக் குடும்பத்துக்கு அது ராசி போலிருக்கிறது.

உலைப்புகையில் கொஞ்சம் ஒரு மெல்லிய குழாய் வழியாக மதிலைத் தாண்டி நடுவத்துக் கலத்துக்குள் வரும். கோபுரம் எதைச் சுவாசிக்கிறதோ அதையே கலமும் சுவாசிக்கும். கோபுரத்தில் தூள் மூட்டை மூட்டையாக இருக்கிறது. கலத்தில் நகம் அளவு. எனவே எந்தக் கேடும் கலத்தை முதலில் தாக்கும், ஒரு நாள் போலத் தாமதித்துத்தான் கோபுரத்தைத் தாக்கும். எச்சரிக்கை கொடுப்பதற்காகவே செய்த ஏற்பாடு. நடுவத்தின் இயக்குநர் வாய் திறந்து சொன்னால் அந்த நிமிடமே உலையை நிறுத்துவதாகத் தொழிற்சாலை மேலாளர் சின்னதுரை ஒப்புக்கொண்டிருந்தார். இயக்குநர் தவிர வேறு யார் சொன்னாலும் நிறுத்தமாட்டேன் என்பதையும் அவர் அப்போதே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் உலைக்குப் பழைய டயர்களைக் காய்ச்சி எடுத்த, விலை குறைந்த டயர் எண்ணெயை மாற்றினார்கள். அதில் கந்தகம் அதிகம். கந்தகம் பல்லேடியத்துக்கு விஷம்.

காலையிலேயே கலத்தில் பல்லேடியம் செத்தது. ஹெலன் மூன்று அறைகளுக்கும் ஓடி, மூன்று வரைபடங்களையும் வாங்கிவந்து ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அகச்சிவப்பும் எக்ஸ் கதிரும் உலோகம் செத்துவிட்டது என்றன. லேசரோ, அது செத்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் கந்தகம் வந்து சேர்ந்தது என்றது. செத்தவன் சாவதற்கு முன் விஷம் குடிக்கவில்லை, செத்த பிறகுதான் குடித்திருக்கிறான்.

லேசர் பிரிவுக்குப் போனாள். அதன் தலைவர் டாக்டர் துளசிராமன் செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி வருகிறவர். அவர் தலைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தையும் தன் கைபேசியையும் ஹெலன் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், உங்க ரூம் கடிகாரம் கால் மணி நேரம் ஃபாஸ்ட்டா ஓடுது சார்.”

“ஓடலம்மா. நான் முன்னாடி வெச்சிருக்கேன். ரெண்டும் வேற,” என்றார் துளசிராமன். “எங்க வீட்லயும் அப்படித்தான். முன்னாடி வெச்சாத்தான் மனுஷன் சாயந்தரம் ரயிலப் புடிக்க முடியும்.”

“கம்ப்யூட்டர்ல எப்படி சார் அதே நேரம்?”

“சுவத்துல ஒரு நேரம், கம்ப்யூட்டர்ல ஒரு நேரம் இருக்குன்னு தணிக்கைல எழுதிட்டாங்க. அதனால சுவத்துக்குச் சரியா கம்ப்யூட்டர மாத்திட்டேன்.”

துளசிராமன் காலையில் வருவது ஊர் நேரப்படி. மாலையில் கிளம்புவது இந்தக் கடிகாரப்படி. பிரிவே அப்படித்தான் இயங்கியது. லேசர் மட்டும் பாவம், நாள் பூராவும் அந்தக் கடிகாரப்படியே உழைத்தது.

நேரத்தைத் திருத்தினால் கதை நேராகிவிடும். முதலில் கந்தகம் வந்தது, அடுத்து உலோகம் செத்தது. அப்படியானால் கோபுரமும் சாகும். அது செத்தால் மோனாக்சைடு நேராகக் கொட்டகைக்குள் போகும். அங்கே பென்னி இருக்கிறான். அவள் இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

அவள் போவதற்குள் நிர்வாக அதிகாரி ஜெகன் வரைபடத்தின் நகலை இயக்குநர் மேசையில் வைத்திருந்தார். இயக்குநர் டாக்டர் அரசப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் எழுந்து நின்று நடுவத்தில் யாரும் பார்த்ததில்லை.

“ஹெலன்! விஷம் வருவதற்கு முன்பே உலோகம் இறந்திருக்கிறது. அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது! உலகத்தில் எவனாவது இதைப் பார்த்திருக்கிறானா?”

“சார், அது கடிகாரம் சார். லேசர் ரூம்ல கால் மணி முன்னாடி...”

“வினையூக்கியின் முன்னறிவு,” என்றார் அரசப்பன், அவளைத் தாண்டிச் சன்னலைப் பார்த்தபடி. “நாளைக்குத் துறைச் செயலாளர் வருகிறார். நாளைக்கே அறிவித்துவிடலாம். ஜெகன், ‘அரசப்பன் முன்விளைவு’ என்று எழுதிப் பாருங்கள், எப்படி இருக்கிறது?”

ஜெகன் எழுதிப் பார்த்தார். நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

“சார், கேட்டலிஸ்ட்டுக்கு விஷம் ஏறியிருக்கு சார். நாளைக்கு டவரும் போயிடும். கம்பெனிய நிறுத்தச் சொல்லுங்க சார்.” ஹெலன் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.

“விஷம்னு எழுத்துல போடாதீங்க மேடம்,” என்று குறுக்கிட்டார் ஜெகன். “விஷம்னு போட்டா போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் குடுக்கணும். ‘விரும்பத்தகாத விருந்தாளி’ன்னு போடுங்க. செத்துச்சுன்னும் போடாதீங்க. ‘ஓய்வு நிலை’.”

ஆனாலும் ஹெலன் விடவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் அரசப்பன் ஒரு கூட்டம் போட்டார். நேரம் குறித்த கூட்டம் என்பதால் மூன்று பிரிவுகளும் மூன்று நேரத்துக்கு வந்தன. துளசிராமன் முதலில் வந்து, மற்றவர்கள் தாமதம் என்று குறித்துக்கொண்டார்.

கடிகாரத்தைச் சரிசெய்தால் என்ன ஆகும் என்று ஜெகன் விளக்கினார். லேசர் பிரிவு இத்தனை வருடங்களாகக் கால் மணி முன்னதாக வீட்டுக்குப் போயிருப்பது தெரியவரும். அதை அனுமதித்தது நிர்வாகம் என்று தெரியவரும். அப்புறம் லேசர் பிரிவின் எல்லாக் கட்டுரைகளையும் திரும்பப் பார்க்கவேண்டிவரும். அந்தக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் முதல் பெயர் இயக்குநருடையது.

பிறகு அரசப்பன் பேசினார். அந்தப் பேச்சு நடுவத்தின் ஆண்டுமலரில் அச்சாகியிருக்கிறது.

“நண்பர்களே, மெய்நேர ஆய்வு, மெய்நேர ஆய்வு என்கிறோம். மெய்நேரம் என்றால் என்ன? மெய்யான நேரம். எது மெய் என்று ஒருவர் சொல்ல வேண்டாமா? அதற்குத்தான் இயக்குநர் பதவி. நான் ஆய்வகத்துக்குள் காலடி வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அதனால்தான் என்னால் நடுநிலையோடு பார்க்க முடிகிறது. உள்ளேயே கிடப்பவர்களுக்குக் கருவி சொல்வதுதான் தெரியும். நாட்டுக்கு என்ன தேவை என்பது தெரியாது. உலோகம் விஷத்துக்கு முன்பே இறந்திருக்கிறது என்றால் வாயு மீது குற்றமில்லை. குற்றமில்லாத தொழிற்சாலையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் தொழிலாளர்களின் நண்பன்.”

கைதட்டினார்கள். வாயு மீது குற்றமில்லை என்ற அறிக்கை அன்று மாலையே மதிலைத் தாண்டியது. சின்னதுரை அதை வாங்கிக்கொண்டு, இன்னும் நாலு டேங்கர் டயர் எண்ணெய்க்குச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் பொன்னேரி வீட்டில் பென்னி தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். சோறு இறங்கவில்லை.

“இன்னாடா, தல வலிக்குதா?” என்று கேட்டாள் ஹெலன்.

“லைட்டா வலிக்குதுக்கா. வெயிலு.”

“வெயிலு இல்லடா. நாளைக்கு நீ வேலைக்குப் போவாத.”

“நீ இன்னாக்கா, சும்மா பேஜாரு பண்ணிக்கினு. நாளிக்கு லீவு போட்டா நாளான்னிக்கு வேற ஆள வெச்சுடுவாங்க.”

“கொட்டாயில காஸ் அலாரம் இருக்குதுல்ல? அது கத்துச்சுன்னா உடனே வெளிய ஓடியாந்துடு.”

“அதுவா? சும்மா சும்மா கத்திக்கினே இருக்குதுன்னு போன வாரமே கழட்டிட்டாங்க,” என்றான் பென்னி.

ஹெலன் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். திட்டினாள், கெஞ்சினாள், அழுதாள். அவன் காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் செயலாளர் வருகை. வேலை செய்யும்போதே பார்ப்பதற்காக ஏற்பட்ட நடுவத்தில் அன்று யாரும் வேலை செய்யவில்லை. எல்லாரும் வேலை செய்வது போல நிற்க ஒத்திகை பார்த்தார்கள். செத்த தூளைக் காட்ட முடியாது என்பதால் கலத்தில் புதுத் தூள் போட்டார்கள். தொழிற்சாலைப் புகை அதையும் கெடுத்துவிடும் என்று ஜெகன் குழாயின் வால்வை மூடி, அதன் மேல் சாமந்தி மாலை சாத்தி, சிலிண்டரிலிருந்து சுத்தமான வாயுவைக் கொடுக்கச் சொன்னார். துளசிராமன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு லேசரைப் பார்த்துப் புன்னகைக்கப் பழகினார். கண்ணுக்குக் கெடுதல் என்று யாரோ சொன்னதும் சுவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

வாசலில் நாதஸ்வரம் தொடங்கியபோது ஹெலனின் கைபேசி அடித்தது.

“க்கா,” பென்னியின் குரல் குழறியது. “எல்லார்க்கும் தல சுத்துதுக்கா. லோகு வாந்தி எட்த்துட்டான். சூப்பர்வைசரு நாஷ்டா துன்னாம வந்திருப்பீங்கன்றான்.”

“வெளிய வாடா! எல்லாரையும் இஸ்துக்கினு வெளிய வா!”

“வுட மாட்றாங்கக்கா. உங்க ஆபீசுக்கு செயலாளர் வர்ற நாளாம், இன்னிக்கு உலை நிக்கக்கூடாதாம்.”

பேச்சு அறுந்தது. கோபுரம் செத்துவிட்டது என்று ஹெலனுக்குப் புரிந்தது. மாலையும் கையுமாக நின்ற அரசப்பனிடம் போய்க் காதோடு சொன்னாள்.

“சார், ஆளுங்க மயங்குறாங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா உலைய நிறுத்திடுவாங்க. ஒரே ஒரு ஃபோன் சார்.”

அரசப்பன் சிரித்த முகம் மாறாமல், உதடு மட்டும் அசைய, சொன்னார்: “கார் வந்துவிட்டது. இன்னும் அரை மணி நேரம் அவர்களை மெதுவாக மூச்சு விடச் சொல்.”

ஹெலன் வரவேற்பு மேசைக்கு வந்தாள். நடுவத்துத் தொலைபேசியை எடுத்துச் சின்னதுரைக்குப் போட்டாள். காஸ் என்றால் அந்த ஆள் அசையமாட்டார். உயிர் என்றாலும் அசையமாட்டார். எதற்கு அசைவார் என்று அவளுக்குத் தெரியும்.

“சார், நடுவத்துல இருந்து பேசுறேன். செயலாளர் ஐயா உங்க டிரையிங் கொட்டகையையும் பார்க்கணும்னு சொல்றார். இப்பவே கிளம்பிடுவாங்க.”

“ஐயோ! இப்பவா?” சின்னதுரை கையிலிருந்து எதுவோ விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. “அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம். க்ளீன் பண்ணிடுறேன்.”

பெரிய ஆள் வருகிறார் என்றால் எந்தத் தொழிற்சாலையும் வேலையை நிறுத்திவிட்டுக் கோலம் போடும். கதவெல்லாம் திறப்பார்கள், ஆட்களை வெளியே அனுப்புவார்கள், பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். ஹெலன் அதைத்தான் நம்பினாள். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. பின்வாசல் வழியாக வெளியேறி மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

தொழிற்சாலை முற்றத்தில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தது. கோலம் பாதி போட்டாகிவிட்டது. உலை மட்டும் முன்னைவிடப் பலமாக ஊதிக்கொண்டிருந்தது. ஒரு தொழிலாளியைக்கூடக் காணோம். சின்னதுரை சட்டையை உள்ளே திணித்துக்கொண்டே வந்தார்.

“வாங்க மேடம். எப்படி? ஒரு தூசு இருக்கா பாருங்க.”

“ஆளுங்க எங்க சார்?”

“அந்தக் கவலையே வேணாம். கான்ட்ராக்ட் பசங்களுக்கு ஹெல்மெட்டு கிடையாது, ஷூ கிடையாது. செயலாளர் கண்ல பட்டா அசிங்கமாயிடும்ல? ஒருத்தன் வெளிய இல்ல. எல்லாரையும் கொட்டகையோட பின் ரூம்ல உக்கார வெச்சு வெளியத் தாப்பா போட்டுட்டேன்.”

ஹெலன் அவரை இரு கையாலும் தள்ளிவிட்டு ஓடினாள். பின்னால் அவர் “மேடம், மேடம், கோலம்!” என்று கத்துவது கேட்டது.

பின் அறைக் கதவு இரும்புத் தகடு. தாழ்ப்பாள் சூட்டில் இறுகிக் கிடந்தது. உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் இல்லை, தட்டும் சத்தமும் இல்லை. அவள் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. ஒரு செங்கல்லை எடுத்து அடித்தாள். “கர்த்தரே, கர்த்தரே” என்று வாய்விட்டுக் கதறினாள். வாட்ச்மேன் ஓடிவந்து கம்பியால் நெம்பியதும் கதவு திறந்தது. சூடான காற்று முகத்தில் அடித்தது. அதில் எந்த வாசனையும் இல்லை.

கதவோரத்திலேயே பென்னி சாய்ந்து கிடந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வெளிக்காற்று பட்டதும் அவன் இருமினான். அந்த இருமலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அழ நேரமில்லை. வாட்ச்மேனும் அவளுமாக மற்றவர்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே புல்லில் போட்டார்கள். சிலர் தவழ்ந்தே வந்தார்கள். கடைசியாக லோகு. அவன் வாந்தியிலேயே கிடந்தான். கன்னத்தில் அறைந்தும் கண் திறக்கவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

“108க்குப் போடுங்க!” என்று கத்தினாள் ஹெலன்.

அந்த நேரம் பார்த்து முற்றத்தில் கார்கள் வந்து நின்றன. செயலாளர் வருவது நிஜமா என்று உறுதிசெய்துகொள்ளச் சின்னதுரை நடுவத்துக்குத் திருப்பி அழைத்திருக்கிறார். எடுத்தவர் ஜெகன். தனக்குத் தெரியாத நிகழ்ச்சி ஒன்று நிரலில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், “ஆமாம், வருகிறார்” என்று சொல்லிவிட்டார். சொன்னதைக் காப்பாற்ற இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் செயலாளரிடம் சொன்னார். செயலாளர் சோர்ந்துபோன முகமும் ஒற்றை வார்த்தைப் பேச்சும் உள்ள மனிதர். பித்தளைச் சன்னல் வழியாக எதுவும் தெரியாமல் குனிந்து குனிந்து இடுப்பு வலித்திருந்ததால், நிமிர்ந்து நின்று பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் தேவலை என்று கிளம்பிவந்துவிட்டார்.

புல்லில் வரிசையாகக் கிடந்தவர்களைப் பார்த்தார்.

“இது?”

“மூச்சுப் பயிற்சி சார்,” என்றார் சின்னதுரை. “தினமும் இந்த நேரத்துல குடுக்கிறோம்.”

“தொழிலாளர் நலன்,” என்று சேர்த்துக்கொண்டார் அரசப்பன்.

கத்துவதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நடுவத்தில் கற்றுக்கொடுத்த பணிவோடு செயலாளர் முன்னால் போய் நின்றாள்.

“சார், இதுதான் அந்தக் கொட்டகை. இங்க வர்ற காத்து மேல எந்தக் குத்தமும் இல்லன்னு நேத்து எங்க டைரக்டர் சார் அறிக்கை குடுத்திருக்கார். விஷம் வர்றதுக்கு முன்னாடியே பல்லேடியம் செத்துப்போச்சுன்னு கண்டுபிடிச்சதும் சார்தான். உள்ள வந்து நேர்லயே பாருங்க. டைரக்டர் சார் கூட்டிட்டுப் போவார்.”

“ம்,” என்ற செயலாளர் கதவை நோக்கி நடந்தார்.

விதிப்படி இயக்குநர் ஓர் அடி முன்னால் போய் வழிகாட்ட வேண்டும். ஜெகன் ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்து, ஒதுங்கி, குனிந்து நின்றார். உள்ளேயிருந்து சூடு வந்தது. அரசப்பன் ஓர் அடி வைத்தார். இரண்டாவது அடிக்குக் கால் எழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன?” என்றார் செயலாளர்.

“இல்லை சார்... உள்ளே கொஞ்சம் வெக்கை.”

“பரவாயில்லை. போங்க.”

“செயலாளர் ஐயா பின்னாடி நிக்கிறார், போங்க சார்,” என்றாள் ஹெலன்.

செயலாளரின் கை அரசப்பனின் முதுகில் மெல்லப் பட்டது. பட்டதுதான் தாமதம், நடுவத்தின் இயக்குநர் அலறிவிட்டார்.

“வேண்டாம் சார்! போகாதீங்க! உள்ள மோனாக்சைடு சார்! ரெண்டு நிமிஷத்துல ஆள் காலி சார்!”

“அறிக்கை?”

“அது கடிகாரம் சார்! துளசிராமன் கடிகாரம் முன்னாடி ஓடுது சார்! விஷம் வந்தப்புறம்தான் சார் செத்துச்சு! வந்தப்புறம்தான்!” அவருடைய இலக்கணத் தமிழ் எங்கே போனதென்றே தெரியவில்லை. “யோவ் சின்னதுரை, நிறுத்துய்யா உலைய!”

“சார் சொல்லிட்டார்! நிறுத்துங்கடா!” என்று சின்னதுரை முற்றம் அதிரக் கூவினார்.

உலையின் ஊதுகுழல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. செயலாளர் புல்லில் கிடந்தவர்களை மறுபடி ஒரு முறை, இந்தத் தடவை ஒவ்வொரு முகமாக, பார்த்தார். ஜெகன் இன்னும் குனிந்தபடியே நின்றார். நிமிரலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. லோகுவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி ஆக்சிஜன் வைத்தார்கள். அப்போதும் அவன் கண் திறக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார் கூட வந்தவர். அவன் மனைவி பூமிகாவுக்கு யார் ஃபோன் பண்ணுவது என்று பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பென்னி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவு நிலையருகே விசிறிக்கொண்டிருந்த இயக்குநரைப் பார்த்தான்.

“க்கா, உள்ள காஸு இருக்குதுன்னு அந்த ஆளுக்கு நேத்தே தெரியுமா?”

“தெரியும்டா. நான்தான் சொன்னேன்.”

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துகிற வரைக்கும் பென்னி லோகுவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப நேத்தே இட்டாந்து இந்தக் கதவாண்ட நிக்க வெச்சிருக்கலாமேக்கா அவர,” என்றான்.